பழைய அமெரிக்க நாணயங்கள்: சேகரிக்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்கா என்ற நாடு உருவான புதிதில் அடிக்கப்பட்ட செம்பு, வெள்ளி, தங்கக் காசுகளைச் சேகரிக்க ஆசைப்படுகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் காசுகள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கையால் செதுக்கிய அச்சிலிருந்து வந்தவை. அந்த அச்சை அடையாளம் காணக் கற்றுக்கொண்டால் தேய்ந்துபோன ஒரு செம்புக்காசே பல மாதங்களுக்கு வேலை கொடுக்கும். கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்தான்.

"தொடக்ககால" நாணயம் என்று எதைச் சொல்கிறார்கள்?

1792 ஏப்ரல் 2 அன்று அமெரிக்க நாடாளுமன்றம் நாணயச் சட்டத்தை நிறைவேற்றியது. டாலர், சென்ட் என்ற பத்தின் அடிப்படையிலான முறையும், பிலடெல்பியா நாணயச்சாலையும் அந்தச் சட்டத்தால் வந்தவை. ஒரு டாலரில் 371.25 கிரெயின் (அன்றைய எடை அளவு) சுத்த வெள்ளி இருக்க வேண்டும் என்றும், நாணயச்சாலை ஊழியர் யாராவது உலோகத்தில் மோசடி செய்தால் மரண தண்டனை என்றும் அதில் எழுதிவைத்தார்கள்.

அங்கிருந்து தொடங்கி 1836 வரை வந்தவற்றைப் பொதுவாகத் தொடக்ககாலக் காசுகள் என்கிறோம். அந்த ஆண்டு மார்ச்சில்தான் நாணயச்சாலையில் நீராவி அச்சு இயந்திரம் ஓடத் தொடங்கியது. அதுவரை திருகு அச்சு இயந்திரத்தை ஆட்கள் கையால் இழுத்துச் சுழற்றித்தான் காசு அடித்தார்கள். செம்புக்கு மட்டும் இந்தக் கணக்கை 1857 வரை நீட்டுவது வழக்கம். பெரிய சென்ட்டும் அரை சென்ட்டும் அந்த ஆண்டில்தான் நின்றன.

1792க்கு முன்னால் அங்கே என்ன காசு புழங்கியது?

பெரும்பாலும் ஸ்பெயினின் எட்டு ரியால் வெள்ளி. மெக்சிகோவிலும் பெருவிலும் அடிக்கப்பட்ட அந்தக் காசு 1857 வரை அமெரிக்காவில் சட்டப்படி செல்லுபடியானது. இது நிறைய பேருக்கு வியப்பாக இருக்கும். சொந்த நாணயச்சாலை வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் கடைக்காரர்கள் அயல்நாட்டு வெள்ளியை வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

உள்ளூர்க் காசுகளும் உண்டு. மாசசூசெட்ஸில் ஜான் ஹல் என்ற பொற்கொல்லர் அடித்த வெள்ளி ஷில்லிங்கில் ஒரு பைன் மரம் இருக்கும். அவற்றைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அடித்தபோதும் 1652 என்ற ஆண்டையே பொறித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது இங்கிலாந்தில் அரசர் இல்லை. அதனால் அரசரின் அனுமதி இல்லாமல் காசு அடித்ததாக யாரும் குற்றம் சொல்ல முடியாது என்பதே காரணம் என்று சொல்வதுண்டு.

கனெக்டிகட்டில் சாமுவேல் ஹிக்லி என்பவருக்குச் சொந்தமாகச் செம்புச் சுரங்கம் இருந்தது. 1737இல் அவர் அடித்த காசில் மூன்று பென்ஸ் என்று போட்டிருந்தார். அடுத்து வந்தவற்றில் ஒரு பக்கம் "உங்கள் விருப்பப்படி மதிப்பிட்டுக்கொள்ளுங்கள்" என்றும் மறுபக்கம் "நான் நல்ல செம்பு" என்றும் பொருள்படும் ஆங்கில வாசகங்களைப் பொறித்தார். அமெரிக்கக் காசுகளிலேயே எனக்கு மிகப் பிடித்த வாசகம் அதுதான்.

சுதந்திரம் கிடைத்த பிறகு வெர்மான்ட், கனெக்டிகட், நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ் ஆகியவை தனித்தனியே செம்புக்காசு வெளியிட்டன. நியூ ஜெர்சிக் காசில் குதிரைத் தலையும் அதன் கீழே கலப்பையும் இருக்கும். அதில் ஒரு பகுதி ராவேயில் அடிக்கப்பட்டது. நம்மவர்கள் நிறையக் குடியிருக்கும் எடிசனுக்குப் பக்கத்து ஊர்தான் அது. அங்கே இருப்பவர்கள் ஒரு நியூ ஜெர்சிக் காசிலிருந்து தொடங்கலாம். தேய்ந்த நிலையில் இன்னமும் எட்டும் விலைதான்.

1787இல் மத்திய அரசின் பெயரில் ஃபூஜியோ சென்ட் வந்தது. ஒரு பக்கம் சூரியக் கடிகாரம், கீழே "உன் வேலையைக் கவனி" என்ற பொருளில் ஒரு வரி, மறுபக்கம் பதின்மூன்று மாநிலங்களுக்குப் பதின்மூன்று வளையங்கள். அதே ஆண்டில் நியூயார்க் பொற்கொல்லர் எஃப்ரைம் பிரேஷர் அடித்த டப்லூன் என்ற தங்கக்காசு ஒன்று 2021 ஜனவரி ஏலத்தில் 93.6 லட்சம் டாலருக்குப் போனது.

மத்திய அரசு அடித்த முதல் நாணயம் எது?

1792 ஜூலையில் அடித்த ஐந்து சென்ட் வெள்ளிக்காசு. இதை அரை டிஸ்ம் என்பார்கள். நாணயச்சாலைக் கட்டடம் அப்போது தயாராகவில்லை. அதனால் ஜான் ஹார்ப்பர் என்ற ரம்பம் செய்பவருடைய வீட்டு நிலவறையில் இயந்திரத்தை வைத்து அடித்தார்கள். ஜூலை 13 அன்று அப்போதைய வெளியுறவுச் செயலர் தாமஸ் ஜெஃபர்சன் 1,500 காசுகளைப் பெற்றுக்கொண்டார். அவருடைய சொந்தக் கணக்குப் புத்தகத்திலேயே பதிவு இருக்கிறது. அந்த நவம்பரில் நாடாளுமன்றத்தில் பேசிய குடியரசுத் தலைவர் வாஷிங்டனும் இந்தச் சின்னத் தொடக்கத்தைக் குறிப்பிட்டார். வாஷிங்டன் வீட்டு வெள்ளிப் பாத்திரங்களை உருக்கித்தான் இதை அடித்தார்கள் என்ற கதை பிரபலம். கதையாகக் கேட்டுக்கொள்ளலாம், விற்பவர் அதற்குத் தனியாக விலை சொன்னால் கொடுக்க வேண்டியதில்லை.

1793 சங்கிலி சென்ட்டைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

புதிய நாணயச்சாலையிலிருந்து மக்கள் புழக்கத்துக்கு வந்த முதல் காசு அது. 1793 மார்ச்சில் 36,103 சென்ட்டுகளை அடித்தார்கள். முன்பக்கம் தலைமுடி பறக்க ஒரு பெண் முகம், அதுதான் சுதந்திர தேவி. பின்பக்கம் ஒன்றோடொன்று கோத்த பதினைந்து வளையங்கள், பதினைந்து மாநிலங்களின் ஒற்றுமைக்கு அடையாளமாக. பத்திரிகைகளில் உடனே கிண்டல் வந்துவிட்டது. சுதந்திரத்தின் பின்னால் சங்கிலியா, தேவியே பயந்துபோய் நிற்கிறாளே என்று எழுதினார்கள். சில வாரங்களில் சங்கிலியை எடுத்துவிட்டு இலை வளையம் போட்டார்கள். அதே ஆண்டு முடிவதற்குள் கோலில் மாட்டிய தொப்பியோடு தேவி என்று மூன்றாவது வடிவமும் வந்துவிட்டது. அதில் 11,056 காசுகள்தான்.

முதல் அச்சில் இன்னொரு அழகு. சுற்றி எழுத்துகளைப் பொறித்துக்கொண்டு வந்தவருக்கு இடம் போதவில்லை என்று தோன்றியிருக்கிறது. நாட்டின் பெயரை முழுதாக எழுதாமல் "அமெரி" என்று நிறுத்திப் புள்ளி வைத்துவிட்டார். அடுத்த அச்சில் முழுப் பெயரும் வந்துவிட்டது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நாணயம் செய்யக் கற்றுக்கொண்டிருந்த ஒரு நாடு கண்முன் தெரியும். தேய்ந்த சங்கிலி சென்ட்டே ஆயிரக்கணக்கான டாலர். எனவே பெரும்பாலானவர்களுக்கு இது அருங்காட்சியகத்தில் பார்க்க வேண்டிய காசு.

அந்த 1793இல் செம்பைத் தவிர வேறு எதையும் அவர்களால் அடிக்க முடியவில்லை. தலைமை நாணயக்காரரும் உலோகப் பரிசோதகரும் ஆளுக்கு 10,000 டாலர் பிணை கட்டினால்தான் தங்கம், வெள்ளியைத் தொடலாம் என்று சட்டம். அவ்வளவு பணத்துக்கு அவர்கள் எங்கே போவார்கள்? 1794இல் தொகையைக் குறைத்த பிறகே வெள்ளி வேலை தொடங்கியது. போதாததற்கு 1793 இலையுதிர் காலத்தில் பிலடெல்பியாவில் மஞ்சள் காய்ச்சல் பரவி ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். தொப்பி சென்ட்டைச் செதுக்கிய ஜோசப் ரைட்டும் அதில் போனார்.

ஒரு கோடி டாலருக்குப் போன காசு எது?

1794 வெள்ளி டாலர். 2013 ஜனவரியில் ஒன்று 1,00,16,875 டாலருக்கு ஏலம் போனது. ஒரு கோடி டாலரைத் தாண்டிய முதல் நாணயம் அது. 1794 அக்டோபர் 15 அன்று 1,758 டாலர்களைத் தேறியவை என்று ஒப்படைத்தார்கள். அச்சு இயந்திரம் அவ்வளவு பெரிய காசுக்குப் போதாது. போதாக்குறைக்கு இரண்டு அச்சுகளும் சரியாக ஒன்றுக்கொன்று இணையாக உட்காரவில்லை. அதனால் இந்தக் காசுகளில் இடது ஓரத்து நட்சத்திரங்கள் மங்கலாகவே இருக்கும். அது தேய்மானம் இல்லை, பிறவியிலேயே அப்படி.

எண் போட்டுச் சொல்கிறார்களே, ஷெல்டன் 48, ஓவர்டன் 112 என்று. அது என்ன?

இந்தத் துறையின் உயிர்நாடியே இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இன்று ஒரு மூல அச்சிலிருந்து எத்தனை வேலை அச்சுகள் எடுத்தாலும் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். அன்று அப்படி இல்லை. முகத்தையும் கழுகையும் ஒரு முத்திரை உளியால் பதித்தாலும், எழுத்துகளையும் எண்களையும் நட்சத்திரங்களையும் ஒவ்வொன்றாகச் சுத்தியலால் அடித்து இறக்கினார்கள். அதனால் எந்த இரண்டு அச்சும் ஒத்துப்போகாது. ஒன்றில் ஆண்டின் கடைசி எண் சாய்ந்திருக்கும், ஒன்றில் நட்சத்திரம் முகவாயை இடிக்கும். முன்பக்க அச்சு ஒன்றும் பின்பக்க அச்சு ஒன்றும் சேர்ந்த ஒவ்வொரு இணையையும் ஒரு வகை என்று கணக்கிடுகிறார்கள். 1793 முதல் 1814 வரையிலான பெரிய சென்ட்டுகளுக்கு வில்லியம் ஷெல்டன் கொடுத்த எண்கள் 1 முதல் 295 வரை போகின்றன. அரை டாலர்களுக்கு ஓவர்டன் என்பவர் கொடுத்த எண்கள். 1807 முதல் 1836 வரை மட்டும் நானூறுக்கும் மேற்பட்ட வகைகள்.

1794 சென்ட்டில் மட்டும் ஐம்பதுக்கும் மேல் வகைகள் உண்டு. பிலடெல்பியா மருத்துவர் எட்வர்ட் மாரிஸ் 1869இலேயே அவற்றைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தார். இரட்டைத் தாடை என்று ஒன்று, பசப்புக்காரி என்று ஒன்று. அவற்றில் ஷெல்டனின் 48ஆம் எண்ணை லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். பின்பக்க ஓரத்தில் பல் பல்லாக இருக்கும் கோடுகளுக்கு இடையில் ஊசிமுனை அளவில் ஐந்து முனை நட்சத்திரங்கள், மொத்தம் 94. யார் பதித்தார்கள், எதற்கு என்று ஒரு குறிப்பும் கிடைக்கவில்லை.

தவறுகளும் அச்சில் நிலைத்துவிட்டன. 1796 சென்ட் ஒன்றில் "லிபர்ட்டி" என்ற சொல்லின் மூன்றாம் எழுத்தைத் தலைகீழாக அடித்துவிட்டு அதன் மேலேயே சரியாக அடித்திருக்கிறார்கள். அது "லிஹர்ட்டி" என்று படிக்கிற மாதிரி ஆகிவிட்டது. 1801 சென்ட் ஒன்றில் நூற்றில் ஒரு பங்கு என்று காட்டும் பின்னம் பூஜ்யத்தில் ஒரு பங்காகிவிட்டது, நாட்டின் பெயரில் முதல் எழுத்து இரண்டு குச்சிகளாக நிற்கிறது, இலை வளையத்தின் இடது காம்பையே காணோம். ஒரே அச்சில் மூன்று பிழை. 1807 அரை டாலரின் 112ஆம் வகையில் 20 என்று அடித்துவிட்டு மேலே 50 போட்டிருக்கிறார்கள். எஃகு அச்சு விலையுயர்ந்தது, தூக்கிப் போட மனம் வராது. பழைய ஆண்டின் மீதே புதிய ஆண்டைப் பதித்து ஓட்டிய அச்சுகளும் இதனால்தான் இத்தனை.

இதைப் படித்தவருக்கு நடைமுறையில் ஒரு லாபம் உண்டு. பல வியாபாரிகள் ஆண்டைப் பார்த்து மட்டும் விலை போடுவார்கள். அரிய வகை சாதாரண விலையில் கிடக்கும். அதைக் கண்டுபிடிக்க பத்து மடங்கு லென்ஸும் பொறுமையும் போதும்.

கையில் அதிகப் பணம் இல்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

இரண்டு வழி சொல்வேன். முதலாவது, 1840களின், 1850களின் பெரிய சென்ட்டுகள். சடை பின்னிய தேவி இருக்கும் வகை. தேய்ந்திருந்தாலும் எழுத்தெல்லாம் தெளிவாக, நல்ல பழுப்பு நிறத்தில் உள்ள ஒன்றைச் சில பத்து டாலருக்கு வாங்கிவிடலாம். 10.89 கிராம் எடையுள்ள நல்ல கனமான செம்பு. கையில் வைத்தாலே ஒரு நிறைவு.

இரண்டாவது, 1807 முதல் 1836 வரை வந்த அரை டாலர். என் பரிந்துரை இதுதான். பொடி வெள்ளிக்காசுகள் போல இவை ஓயாமல் கைமாறவில்லை, வங்கிகளில் இருப்பாகக் கிடந்தன. அதனால் நல்ல நிலையில் நிறையத் தப்பிவிட்டன. நடுத்தரமான ஒன்று நூறு, நூற்றைம்பது டாலர் அளவில் கிடைக்கும். இதை வடிவமைத்த ஜான் ரைஷ் ஜெர்மனியிலிருந்து வந்தவர். முன்பக்கத்தில் பதின்மூன்றாவது நட்சத்திரத்தைக் கவனியுங்கள். 1817 வரையிலான பல அச்சுகளில் அதன் ஒரு முனையில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். அது ரைஷின் ரகசியக் கையெழுத்து என்பது சேகரிப்பாளர்களின் நம்பிக்கை. பிறகு காசைத் திருப்பி விளிம்பைப் பாருங்கள். ஐம்பது சென்ட் அல்லது அரை டாலர் என்று ஆங்கிலத்தில் சுற்றி எழுதியிருக்கும். ஓரத்தைச் சுரண்டி வெள்ளி திருடினால் எழுத்து அழிந்துவிடும், உடனே தெரிந்துவிடும்.

இதில் எந்த வழியானாலும் எல்லா ஆண்டையும் நிரப்பப் பறக்காதீர்கள். ஒரே ஆண்டின் இரண்டு மூன்று வகைகளை வாங்கி ஒப்பிட்டுப் பார்ப்பதில் கற்பது அதிகம்.

1799 சென்ட்டிலிருந்து தொடங்கலாம் என்று யாராவது நினைத்தால் வேண்டாம். அது செம்பில் மிக அரிய ஆண்டு. அமெரிக்க நாணயச் சேகரிப்பின் முன்னோடி ஜோசப் மிக்லி 1799இல் பிறந்தவர். 1816 வாக்கில் பதின்பருவத்தில் தான் பிறந்த ஆண்டின் சென்ட்டைத் தேடத் தொடங்கினார், அது லேசில் கிடைக்காததே அவரை இந்த வழியில் இழுத்துவிட்டது.

தரம் 1 முதல் 70 வரை என்கிறார்கள். எப்படிப் புரிந்துகொள்வது?

இந்த அளவுகோலும் ஷெல்டனுடையதுதான். 1949இல் பெரிய சென்ட்டுகளுக்காக உருவாக்கினார். 70ஆம் தரக் காசின் விலை 1ஆம் தரக் காசைப் போல எழுபது மடங்கு என்பது அப்போதைய கணக்கு. அந்தக் கணக்கு எப்போதோ காலாவதியாகிவிட்டது, எண்கள் மட்டும் உலகம் முழுக்கப் பரவிவிட்டன. அதே ஷெல்டன் நியூயார்க்கில் உள்ள அமெரிக்க நாணயவியல் கழகத்தின் நல்ல சென்ட்டுகளை எடுத்துக்கொண்டு மட்டமானவற்றை வைத்தார் என்பதும் அவர் இறந்த பிறகு வெளிவந்தது. அவருடைய உழைப்பை மதிக்கிறேன், இந்தச் செயலை மன்னிக்க மனம் வரவில்லை.

4 என்றால் உருவம் தெரியும், உள்விவரம் போய்விட்டது. 20 என்றால் முடியில் பாதிக்கு மேல் கோடுகள் தெரியும். 60இலிருந்து மேலே எல்லாம் புழக்கத்தில் தேயாதது. செம்புக்காசுச் சேகரிப்பாளர்கள் இதைவிடக் கறாராகப் பார்ப்பார்கள். முதலில் தேய்மானத்துக்கு ஒரு எண் போட்டு, அப்புறம் அரிப்பு, கீறல், அடி ஆகியவற்றுக்குக் கழிப்பார்கள். 20க்குரிய விவரம் உள்ள காசு முகத்தில் அரித்திருந்தால் 10 என்றே விலை பேசுவார்கள். எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். எண் குறைவாக இருந்தாலும் மேற்பரப்பு வழவழவென்று இயற்கையாக உள்ள காசே மேல்.

வெள்ளியில் சொரசொரப்பான கோடுகள் தெரிகின்றன. யாரோ கீறிவிட்டார்களா?

1790களின் வெள்ளி, தங்கக் காசுகளில் இணையாகச் சில கோடுகள் இருந்தால் பயப்படத் தேவையில்லை. எடை கூடிய வில்லைகளை அச்சடிக்கும் முன் அரத்தால் ராவி எடையைச் சரிசெய்தார்கள். அந்த அரக் கோடுகள் அச்சின் அழுத்தத்திலும் முழுதாக மறையாமல் நின்றவை. பிந்தைய கீறல் எழுத்தின் மேலேயும் ஏறி ஓடும், அரக் கோடு அச்சின் அழுத்தத்தில் நசுங்கி அடங்கியிருக்கும்.

காசைத் துலக்கலாமா?

கூடவே கூடாது. புளி, எலுமிச்சை, பற்பசை, பித்தளை பாலிஷ் எதுவும் வேண்டாம். நம் வீடுகளில் செம்பைப் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பழகிய கை. அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். இருநூறு ஆண்டுகளில் செம்பின் மேல் படிந்த பழுப்பு அதன் தோல். உரித்துவிட்டால் இளஞ்சிவப்பாக, செத்த நிறத்தில் நிற்கும், விலையும் பாதிக்குக் கீழே போய்விடும். ஒட்டிய அழுக்கைச் சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்து எடுக்கலாம், உலோகத்தை அது தொடாது. ஜன்னலைத் திறந்துவைத்து, நெருப்பு இல்லாத இடத்தில் செய்யுங்கள். தூசுக்கு மெல்லிய ஒட்டக முடித் தூரிகை போதும். பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் அனுபவம் உள்ளவரிடம் கொடுங்கள்.

போலிகளை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் எடை. டாலர் 26.96 கிராம், அரை டாலர் 13.48 கிராம், 1796க்குப் பிந்தைய பெரிய சென்ட் 10.89 கிராம். தேய்மானத்தால் கொஞ்சம் குறையலாம், பெரிதாகக் கூடக் கூடாது. பத்தில் ஒரு கிராம்வரை காட்டும் சின்னத் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். டாலர் காந்தத்தில் ஒட்டினால் பேச்சே இல்லை.

அடுத்து விளிம்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மின்முலாம் வழியாக அரிய காசுகளுக்கு நகல் எடுத்தார்கள். இரண்டு மெல்லிய செம்பு ஓடுகளை ஈயம் நிரப்பி ஒட்டியிருப்பார்கள். விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு தெரியும், தட்டினால் ஓசை மழுங்கியிருக்கும். 1799 சென்ட் என்று வருவதில் 1798இன் கடைசி எண்ணைச் செதுக்கி மாற்றியவை நிறைய. அந்த எண்ணைச் சுற்றி உலோகம் வேறு மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு ஆண்டுகளின் அச்சுகளும் வேறு வேறு என்பதால், வகை தெரிந்தவருக்கு ஒரு நிமிட வேலை.

இப்போதைய போலிகள்தான் ஆபத்தானவை. உண்மையான ஒரு காசிலிருந்தே அச்சு எடுத்து அடிக்கிறார்கள். அந்த மூலக் காசில் இருந்த கீறலும் அடியும் எல்லாப் பிரதியிலும் அதே இடத்தில் வரும். ஒரே வகையில் இரண்டு காசுகளின் படத்தில் ஒரே கீறல் ஒரே இடத்தில் இருந்தால் வாங்காதீர்கள். 1986இல் தொடங்கிய பி.சி.ஜி.எஸ்., 1987இல் தொடங்கிய என்.ஜி.சி. என்ற இரண்டு தரச்சான்று நிறுவனங்கள் மூடித் தரும் பிளாஸ்டிக் பெட்டியில் இருந்தால் பாதுகாப்பு அதிகம். ஆனால் பெட்டியையே போலியாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். சான்று எண்ணை அந்த நிறுவனத் தளத்தில் போட்டு, அங்கே இருக்கும் படத்தோடு காசை ஒப்பிடுங்கள். அமெரிக்காவில் 1973 சட்டப்படி நகல் காசில் நகல் என்று பொறிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருவதில் அது இருக்காது.

எங்கள் வீட்டில் 1804 டாலர் இருக்கிறது. விற்றால் கோடி கிடைக்குமா?

உலகத்தில் அறியப்பட்ட 1804 டாலர்கள் பதினாறுதான், எல்லாம் எங்கே இருக்கின்றன, யார் யார் கைவழியாக வந்தன என்பது பதிவில் உள்ளது. உங்களிடம் இருப்பது நகலாகவே இருக்கும்.

உண்மையில் ஒரு 1804 டாலர்கூட 1804இல் அடிக்கப்படவில்லை. அந்த ஆண்டில் அடித்தவை 1803 அல்லது அதற்கு முந்தைய ஆண்டு பொறித்த அச்சுகளில் அடித்தவை. 1834இல் சயாம் (இன்றைய தாய்லாந்து) அரசருக்கும் மஸ்கட் சுல்தானுக்கும் பரிசாக அனுப்ப ஒரு நாணயத் தொகுப்பு தேவைப்பட்டது. டாலர் கடைசியாக 1804இல் அடிக்கப்பட்டது என்று பதிவேட்டில் பார்த்துவிட்டு, அந்த ஆண்டைப் போட்டுப் புதிதாக அடித்தார்கள். அவற்றைக் கொண்டுபோன தூதர் எட்மண்ட் ராபர்ட்ஸ் இரண்டு அரசர்களிடமும் கொடுத்துவிட்டு 1836இல் சீனக் கரையில் உள்ள மக்காவ் என்ற ஊரில் இறந்தார். அந்தக் காலத்தவை எட்டு. மற்ற எட்டும் சில பத்தாண்டுகள் கழித்து நாணயச்சாலைக்குள்ளேயே அடித்த மறுபதிப்புகள். அதில் ஒன்றை 1857ஆம் ஆண்டு சுவிஸ் துப்பாக்கிப் போட்டிக் காசின் மேல் அடித்திருக்கிறார்கள், அடியில் பழைய உருவம் இன்னும் தெரிகிறது. அது இப்போது வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மஸ்கட் சுல்தான் காசு 2021இல் 76.8 லட்சம் டாலருக்குப் போனது.

பழைய காசுக்கு லட்சம் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று யாராவது கேட்டால் அது மோசடி. இதைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது.

தங்கக் காசுகள் ஏன் அவ்வளவு அரிது?

அடித்ததே குறைவு. 1795இல் முதல் பத்து டாலர் தங்கம் 5,583, ஐந்து டாலர் 8,707. அதோடு அமெரிக்கச் சட்டம் தங்கத்துக்கு வைத்த மதிப்பைவிட ஐரோப்பாவில் விலை அதிகம். காசு கப்பலேறி உருக்கும் உலைக்குப் போனது. 1834இல் எடையைக் குறைத்ததும் உள்நாட்டில் மிஞ்சியவையும் உருகின. 1822 ஐந்து டாலர் 17,796 அடித்ததாகக் கணக்கு, இன்று மூன்றுதான் இருக்கின்றன. இரண்டு ஸ்மித்சோனியனில், மூன்றாவது 2021இல் 84 லட்சம் டாலர்.

சென்னை மாதிரி ஈரக்காற்று உள்ள ஊரில் எப்படிப் பாதுகாப்பது?

செம்புக்கு எதிரி ஈரமும் உப்பும். காசை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள், விரல் வியர்வை முகத்தில் பட்டால் சில மாதங்களில் ரேகையோடு கறை தெரியும். மலிவான வழவழ பிளாஸ்டிக் உறையில் பி.வி.சி. இருக்கும், அது கசிந்து பச்சையாகப் பிசுபிசுக்கும். பி.வி.சி. இல்லாத உறை என்று கேட்டு வாங்குங்கள், அல்லது பருத்தி உள்ளுறை வைத்த காகித உறை. மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள்.

அமெரிக்காவில் வாங்கி இந்தியாவுக்குக் கொண்டுவரலாமா?

கொண்டுவரும் முன் யோசியுங்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறு ஆண்டு கடந்த நாணயத்தைத் தொல்பொருள் என்றே வரையறுக்கிறது, தனியார் அவற்றை வெளியே அனுப்பவும் தடை விதிக்கிறது. பின்னால் அமெரிக்க ஏலத்தில் விற்க நினைத்தால் சிக்கல் வரும். உள்ளே வரும்போது சுங்கத்தில் ரசீதோடு அறிவிப்பதும் அவசியம். அமெரிக்காவிலேயே வசிப்பவர்கள் அங்கேயே வைத்துக்கொள்வது நல்லது.

யாரிடம் கற்றுக்கொள்வது?

செம்புக்கு 1967இல் தொடங்கிய எர்லி அமெரிக்கன் காப்பர்ஸ் சங்கம், பழைய வெள்ளிக்கு ஜான் ரைஷ் சேகரிப்பாளர் சங்கம். இரண்டிலும் புதியவர்களிடம் பொறுமையாகப் பேசுவார்கள். நேரில் பார்க்க வாஷிங்டன் ஸ்மித்சோனியன், கொலராடோ ஸ்பிரிங்ஸில் அமெரிக்க நாணயவியல் சங்கத்தின் அருங்காட்சியகம்.

விற்கும்போது செய்தியில் வரும் விலை கிடைக்குமா?

கிடைக்காது. செய்தியில் வருவது வாங்கியவர் கட்டிய மொத்தத் தொகை. மேலே சொன்ன 1794 டாலரின் ஏலம் 85,25,000 டாலரில் முடிந்தது. அதன் மேல் ஏல நிறுவனத்தின் 17.5 விழுக்காடு கட்டணம் சேர்ந்துதான் ஒரு கோடியைத் தாண்டியது. இப்போது பல ஏலங்களில் அந்தக் கட்டணம் 20 விழுக்காடு அளவில் இருக்கிறது. சிறிய காசுகளுக்கு விற்பவரிடமும் தனியாகக் கழிவு கேட்பார்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அதைப் பேசிக்கொள்ளுங்கள். வியாபாரியிடம் நேரடியாக விற்றால் பணம் உடனே வரும், தொகை குறையும். எப்படி விற்றாலும், வகை எண்ணை எழுதி, வாங்கிய ரசீதையும் பழைய உறையையும் காசோடு கொடுங்கள். முந்தைய உரிமையாளர் கையெழுத்தில் குறிப்பு எழுதிய உறை இருந்தால் செம்புக்காசுக்காரர்கள் அதற்காகவே கூடுதலாகக் கேட்பார்கள்.